இரண்டு விநாடிக் கோடு: குறுங்காமாக் கதிர் வெடிப்புகளை அறிந்த கதை

2017 ஆகஸ்ட் 17 அன்று இந்திய நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடம் கடந்து ஆறாவது விநாடியில், பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோளின் உணர்கருவிகளில் காமாக் கதிர்களின் எண்ணிக்கை சட்டென்று ஏறி இறங்கியது. செயற்கைக்கோள் தானாகவே அதைக் கண்டுகொண்டு, 14 விநாடிகளில் உலகெங்கும் உள்ள வானியலாளர்களுக்கு அறிவிப்பை அனுப்பிவிட்டது. இத்தகைய அறிவிப்புகள் ஃபெர்மியிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 240 வருகின்றன. அவற்றில் நாற்பது போலக் குறுகியவை. அன்று வந்ததும் குறுகியதுதான், அதிலும் மங்கலானது.

அடுத்த சில நிமிடங்களில் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ ஈர்ப்பலைக் கருவி, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுருண்டு மோதிய அதிர்வைப் பதிவு செய்திருந்தது. மோதல் முடிந்த கணத்துக்கும் ஃபெர்மி கண்ட காமாக் கதிர்களுக்கும் இடையே 1.74 விநாடிதான். இவ்வளவு நெருக்கமாக இரண்டும் தற்செயலாக நேர வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு கோடியில் ஒன்று.

GRB என்ற தலைப்பில் பட்டியலிடப்படும் இந்தக் காமாக் கதிர் வெடிப்புகளுக்கு, அவை நிகழ்ந்த தேதியே பெயராகிறது: ஜிஆர்பி 170817ஏ. குறுவெடிப்புகள் எதனால் நிகழ்கின்றன என்ற அரை நூற்றாண்டுக் கேள்விக்கு அது விடை தந்தது. அதே சமயம், அந்தக் கேள்வியைக் கேட்டு வந்த முறையையே அது ஆட்டம் காண வைத்தது. இந்த இரண்டாவது விளைவு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

காமாக் கதிர் வெடிப்புகளைத் தேடி யாரும் போகவில்லை. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுகுண்டுச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1963இல் கையெழுத்தானது. அதை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவை ஒரு காமாக் கதிர்ப் பாய்ச்சலைப் பதிவு செய்தன. அணுகுண்டு வெடித்தால் பதிவு எப்படி இருக்குமோ அப்படி அது இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளபசாடலும் உடன் பணியாற்றியவர்களும், வேறு வேறு செயற்கைக்கோள்களுக்குக் கதிர் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு, அது பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று நிறுவினார்கள். 1969க்கும் 1972க்கும் இடையே பதிவான 16 வெடிப்புகளைப் பற்றிய கட்டுரை 1973இல் வெளிவந்தது.

அதன்பின் கருதுகோள்கள் பெருகின. வெடிப்புகள் சூரியக் குடும்பத்தின் விளிம்பிலா, பால்வீதியிலா, அதையும் தாண்டிய தொலைவிலா என்பதே தெரியாத நிலையில் எல்லாக் கருதுகோளுக்கும் இடம் இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா விண்கலங்களில் சென்ற கோனஸ் கருவிகள், வெடிப்புகளில் குறுகியவை தனி வகையாக இருக்கலாம் என்ற முதல் குறிப்பைத் தந்தன. உறுதியான கணக்கு 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வகத்தின் பேட்ஸ் கருவியிலிருந்து வந்தது. ஒன்பது ஆண்டுகளில் அது 2,704 வெடிப்புகளைக் கண்டது. அவை வானம் முழுவதும் சீராகப் பரவியிருந்தன. பால்வீதியின் பட்டையில் குவியவில்லை. வெடிப்புகள் வெகு தொலைவில் நிகழ்கின்றன என்று போலந்து வானியலாளர் போடன் பச்சின்ஸ்கி ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததற்கு இது வலுச் சேர்த்தது. 1997இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், நீண்ட வெடிப்புகள் அடங்கிய பிறகும் தங்கும் பின்னொளியைக் காட்டி அந்த வாதத்தை முடித்து வைத்தது.

பேட்ஸ் தரவுகளைக் கொண்டு கிரேக்க வானியலாளர் கிறிசா குவெலியோட்டுவும் குழுவினரும் 1993இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். வெடிப்புகளை அவற்றின் நீளத்தின்படி அடுக்கியபோது இரண்டு குன்றுகள் எழுந்தன. ஒன்றின் உச்சி ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, மற்றொன்றின் உச்சி முப்பது விநாடியை ஒட்டி. நடுவில் இருந்த பள்ளம் 2 விநாடியில் விழுந்தது. குறுகியவற்றின் கதிர்கள் சராசரியாக அதிக ஆற்றல் கொண்டவை என்பதும் தெரிந்தது. அன்று முதல் 2 விநாடி எல்லைக்கோடாயிற்று. பாடப்புத்தகங்கள் அதை இயற்கை விதி போலவே எழுதின.

அந்த நீளத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால்தான் கோட்டின் பலவீனம் புரியும். வெடிப்பிலிருந்து வந்த மொத்தக் கதிர்களில் முதல் 5 விழுக்காட்டையும் கடைசி 5 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டு, இடைப்பட்ட 90 விழுக்காடு வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிடுவார்கள். டி90 என்பது அதன் பெயர். ஆனால் உணர்கருவியில் விழுவது வெடிப்பின் கதிர் மட்டுமில்லை. விண்வெளியின் துகள்கள், பூமியிலிருந்து தெறிக்கும் கதிர்கள், செயற்கைக்கோளின் உலோகமே துகள்தாக்கில் உமிழும் கதிர்கள் எல்லாம் சேர்ந்து ஓயாத பின்னணியாக நிற்கும். சுற்றுப்பாதையில் நகர நகர அந்தப் பின்னணியும் ஏறி இறங்கும். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதை இடையிலும் நீட்டிக் கழிக்க வேண்டும். வெடிப்பின் மங்கலான வால் அந்தப் பின்னணியில் மூழ்கிவிட்டால், நீண்ட வெடிப்பு குறுகியதாகத் தோன்றும். தொலைவு கூடினால் அண்ட விரிவு காலத்தையும் சேர்த்து நீட்டிவிடுகிறது. போதாததற்கு, ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு ஆற்றல் எல்லைக்குள் பார்க்கிறது. குறைந்த ஆற்றலைப் பார்க்கும் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் கருவிக்கு, இரு வகைகளும் சமமாகக் கலக்கும் இடம் 2 விநாடியில் இல்லை, 0.8 விநாடியை ஒட்டி வருகிறது என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

நேரத்தைவிடக் கடினமானது திசை. காமாக் கதிர்களைக் கண்ணாடி வில்லையாலோ ஆடியாலோ குவிக்க முடியாது. எனவே சுற்றுவழிகள்தான் உண்டு. ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் 12 சோடியம் அயோடைடுப் படிக உணரிகள் வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்கின்றன. கூடவே உயர் ஆற்றலுக்காக 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகள். கதிர் வரும் பக்கம் பார்க்கும் படிகத்தில் எண்ணிக்கை கூடும், பக்கவாட்டில் இருப்பதில் குறையும். அந்த விகிதமே திசையைச் சொல்லும். பூமி மறைக்காத வானம் முழுவதும் எப்போதும் பார்வையில் இருக்கும் என்பது இதன் பலம். திசை துல்லியமாக வராது என்பது பலவீனம். ஸ்விஃப்ட் வேறு வழியைப் பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 52,000 ஈயத் துண்டுகளை ஒழுங்கின்றிப் பரப்பிய ஒரு தட்டின் நிழல், கீழே உள்ள 32,768 காட்மியம் ஜிங்க் டெலுரைடு உணரிகளின்மேல் விழுகிறது. தென்னங்கீற்றுத் தட்டியின் ஓட்டைகள் வழியே தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அப்படி அந்த நிழலைக் கொண்டு கதிர் வந்த திசையைச் சில வில்நிமிட அளவுக்கு மீட்டெடுக்கிறார்கள். மூன்றாவது வழி வேலா காலத்தது: சூரியக் குடும்பத்தில் ஆங்காங்கே நிற்கும் விண்கலங்களுக்குக் கதிர் வந்த நேர வேறுபாடு.

குறுகிய வெடிப்பின் பிறப்பிடம் சிறியதாக இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒளி ஒரு மில்லிவிநாடியில் 300 கிலோமீட்டர்தான் போகும். மில்லிவிநாடியில் ஏறி இறங்கும் ஒன்று அதைவிடப் பெரிய இடத்திலிருந்து வர வாய்ப்பில்லை. ஆனால் அத்தனை ஆற்றலை அவ்வளவு சிறிய இடத்தில் அடைத்தால், காமாக் கதிர்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாகி வெளியே வராமலே போகும். வெளியே வருகின்றன என்பதால், அவை ஒளியின் வேகத்தை ஒட்டி நம்மை நோக்கிப் பாயும் தாரையிலிருந்து கிளம்பியாக வேண்டும். அப்படியொரு தாரையைக் கிளப்பக்கூடியது எது? நியூட்ரான் விண்மீன்கள் கருந்துளையோடு மோதுவதால் கனத் தனிமங்கள் உருவாகலாம் என்று 1974இல் லாட்டிமரும் ஷ்ராமும் எழுதியிருந்தார்கள். 1989இல் ஐக்லர், லிவியோ, பிரான், ஷ்ராம் நால்வரும் இரு நியூட்ரான் விண்மீன்களின் இணைவு காமாக் கதிர் வெடிப்பையும் தங்கம் போன்ற கனத் தனிமங்களையும் ஒருசேரத் தரும் என்றார்கள். சான்றுதான் இல்லை.

முதல் சான்று 2005 மே 9 அன்று கிடைத்தது. 40 மில்லிவிநாடி மட்டுமே நீடித்த ஒரு வெடிப்பை ஸ்விஃப்ட் கண்டது. முந்தைய நவம்பரில்தான் அது ஏவப்பட்டிருந்தது. உடனே தன்னைத் திருப்பி, சுமார் ஒரு நிமிடத்தில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அந்த இடத்தில் நிறுத்தியது. கிடைத்தவை 11 எக்ஸ் கதிர் ஃபோட்டான்கள். அந்தப் பதினொன்று போதுமானதாக இருந்தது. அவை சுட்டிய இடத்தின் அருகில் வயதான விண்மீன்கள் நிறைந்த நீள்வட்ட விண்மீன் திரள் ஒன்று இருந்தது. இளமையில் வெடித்து மடியும் பெருவிண்மீன்களுக்கு அங்கே வேலையில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஹீட்-2, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள்கள் கண்ட வெடிப்புகளும் அதே பக்கம் சாய்ந்தன. பெருவிண்மீன் வெடிப்பான சூப்பர்நோவாவின் சுவடு எதிலும் இல்லை. 2013 ஜூன் 3 அன்று வெடித்த ஒன்றை ஹபிள் தொலைநோக்கி ஒன்பது நாள் கழித்துப் பார்த்தபோது, அகச்சிவப்பில் ஒரு மங்கல் ஒளி இருந்தது. சில வாரங்களில் அது மறைந்தது. மோதலில் சிதறிய பொருள் கனத் தனிமங்களாகி, அவற்றின் கதிரியக்கச் சூட்டில் ஒளிரும் கிலோநோவா என்று அதைக் கருதினார்கள்.

இந்த நிலையில்தான் 170817ஏ வந்தது. அதன் பகுப்பாய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஃபெர்மி தரவில் முதலில் அரை விநாடி அளவுக்கு ஒரு துடிப்பு. அதன் நிறமாலை 185 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி உச்சம் அடைகிறது. ஒரு சாதாரணக் குறுவெடிப்புக்கு ஏற்ற அளவு. அதைத் தொடர்ந்து மென்மையான வால் ஒன்று வருகிறது. அதன் நிறமாலை சூடான பொருள் உமிழும் வெப்பக் கதிரை ஒத்திருக்கிறது. வழக்கமான குறுவெடிப்புகளில் இப்படியொரு வாலைத் தனித்துக் காண்பது அரிது. இரண்டையும் சேர்த்து டி90ஐக் கணக்கிட்டபோது வந்த விடை: 2.0 விநாடி, அரை விநாடி கூடலாம் அல்லது குறையலாம்.

எல்லைக்கோட்டின் மீதே அது நின்றது. நியூட்ரான் விண்மீன் இணைவு என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒரே வெடிப்பை, காமாக் கதிர்த் தரவை மட்டும் வைத்து வகைப்படுத்தினால், குறுகியதாக இருக்கும் வாய்ப்பு நீண்டதாக இருப்பதைப் போல மூன்று மடங்கு என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. ஈர்ப்பலை இல்லையென்றால், மங்கலான குறுவெடிப்புகளில் ஒன்றாக அது பட்டியலுக்குள் போய் அடங்கியிருக்கும்.

ஈர்ப்பலைப் பக்கமும் காமாக் கதிரின் உதவி தேவைப்பட்டது. லிவிங்ஸ்டனில் உள்ள இரண்டாவது லைகோ கருவியில் மோதலுக்கு ஒரு விநாடி முன்பு பெரிய இரைச்சல் ஒன்று புகுந்து தரவைக் கெடுத்திருந்தது. தானியங்கித் தேடலில் ஹான்ஃபோர்டின் பதிவு மட்டுமே எழுந்தது. அந்த ஒற்றைப் பதிவுக்கு உடனடி எடை சேர்த்தது ஃபெர்மியின் அறிவிப்பு. இரைச்சலை நீக்கி, இத்தாலியின் வர்கோ கருவியில் அலை மிக மங்கலாகவே விழுந்தது என்பதையும் கணக்கில் கொண்டு, தேட வேண்டிய வானத்தைச் சுமார் 30 சதுரப் பாகைக்குச் சுருக்கினார்கள். ஃபெர்மி தனியாகக் காட்டிய பரப்பு ஏறத்தாழ 1,100 சதுரப் பாகை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முழுநிலாக்கள் அடங்கும் இடம். ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளும் வெடிப்பைக் கண்டது. அதைக் கண்டது அதன் முதன்மைக் கருவி இல்லை, அந்தக் கருவியை வேண்டாத கதிர்களிலிருந்து காக்கச் சுற்றி வைத்த கவசம். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் மலையில் இருட்டியதும், 1 மீட்டர் விட்டமுள்ள ஸ்வோப் தொலைநோக்கி அந்தப் பரப்பில் உள்ள விண்மீன் திரள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. மோதல் நிகழ்ந்து 11 மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்ஜிசி 4993இல் புதிய ஒளிப்புள்ளி கிடைத்தது. சில நாள்களில் அது நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது, கிலோநோவாவுக்குக் கணித்தபடியே. அதன் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியம் இருப்பதைப் பின்னர் அடையாளம் கண்டார்கள். பச்சின்ஸ்கி 2007இல் மறைந்துவிட்டார். ஸ்விஃப்ட் திட்டத்தை வழிநடத்திய நீல் கெரல்ஸ் 2017 பிப்ரவரியில், ஆறே மாதம் முன்னதாக, காலமானார். இருவரும் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

விடையோடு புதிரும் வந்தது. இவ்வளவு அருகில் நிகழ்ந்தும் காமாக் கதிர்களின் ஆற்றல் வழக்கமான குறுவெடிப்புகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. எக்ஸ் கதிர் ஒன்பது நாள் கழித்தும் ரேடியோ அலை பதினாறு நாள் கழித்தும்தான் தெரிந்தன. அவையும் மங்காமல் ஐந்து மாதம் வரை கூடிக்கொண்டே போயின. தாழ்ந்த அதிர்வெண்களில் புனேக்கு அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்து அளந்தது. தாரை நம்மை நேராகப் பார்க்கவில்லை, இருபது பாகை அளவு விலகியிருந்தது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். குணால் மூலி உள்ளிட்டோர் ரேடியோ படங்களில் அந்த ஒளிப்புள்ளி நகர்வதை அளந்தபோது, ஒளியைவிட நான்கு மடங்கு வேகமாக நகர்வது போன்ற தோற்றம் கிடைத்தது. நம்மை ஒட்டிய திசையில் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் வரும் ஒன்று அப்படித்தான் தெரியும். குறுகிய தாரை ஒன்று உண்மையிலேயே வெளியே வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. நாம் கண்ட காமாக் கதிர் அந்தத் தாரையின் மையத்திலிருந்து வந்ததா, அது கிழித்துக்கொண்டு வந்த பொருளின் கூட்டிலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மென்மையான வால் இரண்டாவது விளக்கத்துக்குச் சாதகம் என்று நினைக்கிறேன்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் 2 விநாடிக் கோடு இரு பக்கமும் உடைந்தது. 2020 ஏப்ரல் 15 அன்று 140 மில்லிவிநாடி வெடிப்பு ஒன்று முதலில் செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ஒடிசியைக் கடந்தது. ஆறரை நிமிடம் கழித்து, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்ற விண்ட் விண்கலத்தையும், மேலும் 4.5 விநாடியில் ஃபெர்மியையும் எட்டியது. இந்த நேர வேறுபாடுகள் அதை ஸ்கல்ப்டர் விண்மீன் திரளுக்குக் கொண்டு சேர்த்தன. அங்கே இணைவு எதுவும் நிகழவில்லை. பெரும் காந்தப்புலம் கொண்ட மேக்னடார் ஒன்றின் சீற்றம் அது. எனில் பழைய பட்டியல்களில் குறுவெடிப்பு என்று எழுதப்பட்டவற்றில் ஒரு சிறு பகுதி இந்த வகையாக இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 26இல் ஒரு விநாடியை ஒட்டிய வெடிப்பு வந்தது. பின்னொளி மங்கிய பிறகு தெரிந்தது சூப்பர்நோவா. பெருவிண்மீன் ஒன்று சரிந்து, அதன் தாரை வெளியே வந்ததும் வராததுமாக அடங்கிப்போயிருக்கிறது.

மறுபக்கத்து உடைப்பு இதைவிடப் பெரிது. 2021 டிசம்பர் 11 அன்று ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்த வெடிப்பின் பின்னே சூப்பர்நோவா இல்லை, கிலோநோவா இருந்தது. 2023 மார்ச் 7 அன்று அதுவரை பதிவானவற்றில் இரண்டாவது ஒளிமிக்க வெடிப்பு வந்தது, அதுவும் நீண்டது. ஒரு மாதம் கழித்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்த்தபோது டெலூரியத்தின் சுவடு தெரிந்தது. பிறந்த விண்மீன் திரளிலிருந்து 1,20,000 ஒளியாண்டு விலகி வந்து மோதிய இணை அது. மோதி முடிந்தபின் எஞ்சும் பொருளின் வட்டு தாரைக்கு ஒரு விநாடிக்கு மேல் தீனி போடாது என்று எழுதிவந்த கோட்பாட்டாளர்களுக்கு இது கடும் சோதனை. வெள்ளைக் குள்ளன் ஒன்று நியூட்ரான் விண்மீனோடு இணைந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். எஞ்சிய மேக்னடார் நீண்ட நேரம் ஆற்றலை ஊட்டியிருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். எதுவும் முடிவாகவில்லை.

ஆகவே நீளம் ஒரு தடயம் மட்டுமே. ஒரு வெடிப்பு எதனால் நிகழ்ந்தது என்று சொல்ல, உயர் ஆற்றல் துடிப்புகள் தாழ் ஆற்றல் துடிப்புகளைவிட எவ்வளவு முந்துகின்றன, எவ்வளவு விரைவாகத் துடிக்கிறது, எந்த வகைத் திரளில் மையத்திலிருந்து எவ்வளவு விலகி நிகழ்ந்தது, பின்னால் சூப்பர்நோவா வந்ததா கிலோநோவா வந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டியல்களில் குறுகியது, நீண்டது என்ற பிரிவுக்குப் பதிலாக இணைவில் பிறந்தது, சரிவில் பிறந்தது என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. அது சரியான திசை. ஆனால் பெரும்பாலான வெடிப்புகளுக்குப் பின்னொளியே கிடைப்பதில்லை என்பதால் அந்தக் கட்டம் காலியாகத்தான் நிற்கும். காலியாக விடுவது தவறான பெயரைவிட நல்லது.

இந்தியாவின் பங்கு இங்கே கவனிக்கத்தக்கது. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள சிஇசட்டிஐ கருவி, இயங்கத் தொடங்கியவுடனேயே ஒரு வெடிப்பைப் பிடித்தது. 2017 ஜனவரியில் ஈர்ப்பலை ஒன்றின் பின்னொளியோ என்று ஒரு ஒளிப்புள்ளி பரபரப்பூட்டியபோது, அது ஒரு நாள் கழித்து நிகழ்ந்த தொடர்பில்லாத வேறொரு காமாக் கதிர் வெடிப்பின் பின்னொளி என்று காட்டியதும் ஆஸ்ட்ரோசாட்டே. ஆகஸ்ட் 17 அன்று மட்டும் அதற்கும் அந்த மோதலுக்கும் இடையே பூமி நின்றது. ஒன்றும் பதிவாகாததுகூட வீணாகவில்லை. பூமி மறைத்த பகுதியில்தான் வெடிப்பு நிகழ்ந்திருக்க வேண்டும் என்று தேடலைச் சுருக்க அது உதவியது. பூமியின் இரு பக்கமும் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தி, எந்த மூலையும் மறையாமல் வானத்தைப் பார்க்கும் தக்ஷா திட்டத்தை இந்திய ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2023இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெருந்தொலைநோக்கிகளுக்குக் கிடைக்கும் பெருமையில் கால்வாசிகூட, எப்போதும் விழித்திருக்கும் இந்த எளிய படிகப் பெட்டிகளுக்குக் கிடைப்பதில்லை. 2017இல் ஃபெர்மி அப்படி விழித்திருக்கவில்லையென்றால் அன்றைய கதை வெகுவாகத் தாமதமாகியிருக்கும்.

2019 ஏப்ரல் 25 அன்று இன்னொரு நியூட்ரான் விண்மீன் இணைவை லைகோ கேட்டது. ஹான்ஃபோர்டு கருவி அப்போது இயங்கவில்லை. தேட வேண்டிய பரப்பு 8,000 சதுரப் பாகையைத் தாண்டியது. உறுதியான காமாக் கதிரும் கிடைக்கவில்லை, பின்னொளியும் கிடைக்கவில்லை. அதனால் 1.74 விநாடி என்ற அந்த ஒற்றை எண்ணே இன்னும் எல்லாரும் வாதிடும் பொருளாக இருக்கிறது. இணைந்த உடல் கருந்துளையாகச் சரியும்வரை எடுத்த நேரமா அது? தாரை சுற்றியிருந்த பொருளைத் துளைத்து வெளிவர எடுத்த நேரமா? கிளம்பிய தாரை காமாக் கதிரை உமிழும் தொலைவை எட்ட எடுத்த நேரமா? இவற்றைப் பிரித்தறிய வழி உண்டு. இணையும் விண்மீன்களின் மொத்தப் பொருண்மை கூடக்கூடத் தாமதம் குறைந்துகொண்டே வந்தால் முதலாவது. வெடிப்பின் நீளத்தோடு சேர்ந்து தாமதமும் நீண்டால் மூன்றாவது. அதற்குக் குறைந்தது இன்னும் சில நிகழ்வுகளாவது ஈர்ப்பலையிலும் காமாக் கதிரிலும் ஒருசேரப் பதிவாக வேண்டும்.